சித்தப்பாவின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்

என் சித்தப்பா வெளியிட்ட முதல் கேசட்டின் பெயர் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. அதற்குமுன் அவர் ஒரு கேசட்டும் போட்டதில்லை. எண்பதுகளின் நடுவில், பத்து வயதில், இந்தத் தவற்றைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான் என்பதில் எனக்குத் தாங்க முடியாத கர்வம். பிறர் தவற்றைக் கண்டுபிடிப்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு திறமை இருக்கவில்லை. இப்போதும் பெரிய மாற்றமில்லை. பத்திரிகையில் அதை எழுத இடம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்பாவின் கடைசித் தம்பி அவர். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை. எங்களோடுதான் குவார்ட்டர்ஸில் இருந்தார். மாலையில் கை கிரீஸைத் தேய்த்துக் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு கித்தாரை எடுப்பார். பாட்டும் மெட்டும் அவருடையதே. பக்கத்தில் அவருடைய கூட்டாளி உட்கார்ந்து உறுமி வாசிப்பார். ரப்பர் தோட்டத்துத் திருவிழாவும் வெள்ளைக்காரன் ராக்கும் ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு வருவதுபோல இருக்கும். ‘மழை விட்டா வரேன்’ என்ற அவருடைய பாட்டு தெரியாத பிள்ளை எங்கள் வரிசை வீடுகளில் கிடையாது.

கிள்ளானில் ஒரு கோயில் திருவிழாவில் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் சித்தி அவரை விரும்பினார். சித்தியின் அப்பாவுக்கு அங்கே பாத்திரக்கடை. நாங்கள் பெண் கேட்டுப் போன அன்று அவர் எங்கள்முன் ஒரு தட்டு வடையும் ஒரு நிபந்தனையும் வைத்தார்.

“குடும்பஸ்தன் கையில கித்தார் நல்லா இருக்காது தம்பி. ஸ்பேனர்னா நல்லா இருக்கும். கல்யாணத்தோட பாட்டு, மேடை எல்லாத்தையும் நிறுத்திக்கணும். சரின்னா சொல்லுங்க, தேதி பாப்போம்.”

அப்பா காற்றாடியைப் பார்த்தார். அம்மா வடையைப் பார்த்தார். உள்ளறைத் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. சித்தப்பா அவற்றைப் பார்த்தார்.

“சரி மாமா” என்றார்.

நான் அந்தச் சரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சிகரெட் விஷயத்தில் அம்மாவிடம் இப்படி ஒரு சரி சொல்வார். பெரியவர்களின் சரி, பலகாரம் தீரும்வரைதான் என்பது என் அனுபவம்.

கல்யாணத்துக்குமுன் ஒரு கேசட் போட வேண்டும் என்று சித்தப்பா கிளம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் ஹால் ஸ்டூடியோ ஆயிற்று. ஜன்னல்களில் மெத்தைகளைச் சாய்த்தோம். காற்றாடியை நிறுத்தினோம். குக்கரை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டோம். ஆகவே இரண்டாவது பாட்டில் அம்மாவின் பருப்பும் இடம்பெற்றது. ‘மழை விட்டா வரேன்’ பாடும்போது கூட்ஸ் ரயில் ஒன்று வீட்டையே ஆட்டிக்கொண்டு போயிற்று. உறுமிக்காரர் கையை எடுக்கப் பார்த்தார். சித்தப்பா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, குரலை ஏற்றிப் பாடிக்கொண்டே இருந்தார்.

“திரும்ப எடுப்பமாடா?” என்றார் உறுமிக்காரர்.

“இருக்கட்டும்ணே. தினம் நம்மகூட வாசிக்கிறவன்தானே அவன். விட்டுட்டா கோவிச்சுக்குவான்.”

கடைசிப் பாட்டைச் சித்தப்பா முடிக்கவே இல்லை. கடைசி அடியைத் திருப்பித் திருப்பிப் பாடினார். நாடா தீர்ந்து, டேப் ரிக்கார்டரின் பொத்தான் டக்கென்று எகிறும்வரை பாடினார். இவருக்கு ஒரு பாட்டை எப்படி முடிப்பதென்று தெரியவில்லையே என்று நான் வெட்கப்பட்டேன். உறுமிக்காரர் வெகுநேரம் உறுமிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் நகல் எடுத்த கேசட்டுகள், பெட்டி பெட்டியாக நேரே கிள்ளானுக்குப் போய்விட்டன. சித்திதான் தம் அப்பாவுக்குத் தெரியாமல், தாம்பூலப் பைகளில் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் செருகி வைத்திருந்தார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் அந்த அப்பாவே நின்று, கும்பிட்டுக் கும்பிட்டுப் பைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவசியம் வாங்கிக்கொள்ளும்படி ஒவ்வொருவரையும் வற்புறுத்தினார். பையைத் திறந்து பார்த்த அங்கிள் ஒருவர் உரக்கக் கேட்டார்:

“என்னா பாஸ், தேங்காயோட மாப்பிள்ளையையும் போட்டுட்டீங்க?”

பாத்திரக்கடைக்காரர் கேசட்டை வாங்கிப் பார்த்தார். அட்டையில் அவருடைய மாப்பிள்ளை கித்தாரோடு சிரித்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. மணவறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சித்தி தலை குனியவில்லை. பாத்திரக்கடைக்காரர் கேசட்டைத் துண்டால் துடைத்து மறுபடியும் பைக்குள் வைத்தார்.

“மாப்பிள்ளை பாட்டுதான். வீட்ல போட்டுக் கேளுங்க” என்றார். அடுத்த பையை எடுத்தார்.

நானும் ஒரு பை வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். பக்கத்து வீட்டு அங்கிளிடம் ஓர் ஆங்கிலப் பாடகரின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் இசைத்தட்டு இருந்தது; அதன் பின்னட்டையை முழுக்கப் படித்தவள் நான். காரில் ஏறப்போன சித்தப்பாவை, மாலையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

“சித்தப்பா, பேரு தப்பு! முதல்ல சும்மா கேசட் போடணும். நாலஞ்சு போட்டு, எல்லாம் முடிஞ்ச பிறகு, கடைசியிலதான் இதைப் போடணும்.”

“தெரியும்லா, வாத்தியாரம்மா.”

“தெரிஞ்சுமா இப்படிப் போட்டீங்க?”

அவர் என் சடையை லேசாக இழுத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஏனோ சித்தியின் கண் கலங்கியிருந்தது. பெயர்ப் பிழை அவரையும் பாதித்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

செந்தூலுக்குத் திரும்பிய பஸ்ஸில் டிரைவர் கேசட்டைப் போட்டார். எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள். நான் மட்டும் பாடவில்லை. எனக்கு வேலை இருந்தது. இரண்டாவது கேசட்டிலாவது பெயர் சரியாக அமைய வேண்டுமே என்று, ஜன்னலோரம் உட்கார்ந்து நல்ல பெயராக யோசித்துக்கொண்டு வந்தேன்.