எந்தப் பல் வேண்டும், சொல்லுங்கள்

ஜாக்கெட் தைப்பவளுக்குத் தைப்பது பெரிய வேலையில்லை. வந்தவர் மனதில் இருக்கும் விளிம்பு, அதாவது ஓரத்துப் பல், எது என்று கண்டுபிடிப்பதுதான் உயிரை வாங்கும். கண்டியில் கத்தரி பிடிக்கும் அக்காமாரே, உங்களுக்கும் இதே கதிதானே?

வாள்

பேராதனையில் இருந்து ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர் வந்தார். "கையில பல்லு வச்சுத் தையும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். நானும் கை ஓரத்தில் பொடிப் பொடியாகக் கூராகத் தைத்து வைத்தேன். அவர் கேட்டது சேலைக் கரையில் இருந்த பெரிய பெரிய கூம்புகளையாம். பல் என்று மட்டும் சொன்னால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? டீச்சர் ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"பிள்ளை, நான் கேட்டது கோபுரம். நீர் மரம் அரியிற வாளையெல்லோ தைச்சு வச்சிருக்கிறீர்!"

பெட்டிஸ்

அதற்குப் பிறகு ஒரு நீளத் துணியில் எல்லா விளிம்பையும் மாதிரிக்குத் தைத்து, கீழே பெயரும் எழுதிக் கடையில் தொங்கவிட்டேன். வாள், கோபுரம், மீன்செதிள். நுணுக்கமாக, நுனியைப் பார்த்துச் சாய்ந்திருப்பதற்குத் தேயிலைப் பல் என்று பெயர் வைத்தேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்?

அப்படியும் கட்டுகஸ்தோட்டையில் இருந்து வந்த ஒரு உம்மாவுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, முள்ளுக்கரண்டியால் ஓரம் அழுத்திப் பொரித்த பெட்டிஸ் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நான் டேப்பை எடுத்தேன்.

"அளவெடுத்து முடிஞ்சா தின்னுங்க மகள், பையில இன்னும் ரெண்டு ஈக்கி."

தேயிலை

கடை முதலாளி ஒருநாள் அந்த மாதிரித் துணியை நின்று வாசித்தார். "ராணி, கலியாண வீட்டுக்காரங்க வர்ற கடை. இந்தத் தோட்டத்துப் பேரை எடுத்துடு" என்றார்.

எனக்குச் சுறுக்கென்றது. அம்மா அன்றைக்கும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இலையின் விளிம்பு மட்டும் வேண்டும், பெயர் வேண்டாமா?

"பேரை எடுத்தா நானும் போறேன், முதலாளி."

"அப்படின்னா போ. திங்கக்கிழமை வராதே" என்றார்.

வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் துணியைக் கழற்றிப் பையில் வைத்தேன், குடையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஜாக்கெட் வாங்க வந்தாள், பேங்கில் வேலை செய்யும் கல்யாணப் பெண். மாதிரித் துணியில் பெயரைப் பார்த்து அவள் கேட்டபடி, கழுத்தைச் சுற்றித் தேயிலைப் பல் வைத்து நான்தான் தைத்திருந்தேன். முதலாளி முகமெல்லாம் சிரிப்பாக, பில்லில் 'இங்கிலீஷ் லீஃப் டிசைன்' என்று எழுதி நீட்டினார். அவள் வாசித்தாள். என்னையும் என் குடையையும் பார்த்தாள். பில்லைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"எங்கம்மா இன்னிக்கும் அந்த இலையைத்தான் பறிக்கிறாங்க. அக்கா என்ன பேரு சொன்னாங்களோ அதையே எழுதுங்க, இல்லாட்டி இந்தக் கடைக்கு எங்க வீட்டு ஆளுங்க யாரும் வரமாட்டோம்."

முதலாளி பில்லை மாற்றி எழுதி, என்னையும் துணியைத் திரும்ப மாட்டச் சொன்னார். இப்போதெல்லாம் கலியாணக்காரர்கள் வந்தால் முதலாளியே முந்திக்கொண்டு, தானே கண்டுபிடித்தது மாதிரி "தேயிலைப் பல்லு பாருங்க" என்கிறார்; சொல்லட்டும், நான் தடுக்கப்போவதில்லை.