மேளச் சத்தத்தில் அழுதவர்கள்

நாயனம் வாசிப்பது ஒரு வினோதமான பிழைப்பு: மண்டபம் முழுக்க நம்மைக் காதில் வாங்காமல் பேசிக்கொண்டிருக்கும், அதில் யாராவது ஒருவர் உண்மையிலேயே கேட்டுவிட்டால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது. ஊதுகிறவர்களே, கொட்டுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

பெண்ணை அனுப்பும்போது

எறையூரில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக் கல்யாணம். பெண்ணின் அப்பா காலையிலிருந்து ஒரு இடத்தில் நிற்கவில்லை. இலை போடுகிறவரை அதட்டினார், ஜெனரேட்டர்காரரை அதட்டினார், என்னைக்கூட "கொஞ்சம் சத்தமா ஊதும்மா" என்று அதட்டினார். ஒரே மகள்.

மத்தியானம் பெண் காரில் ஏறினாள். நான் நீலாம்பரி வாசித்துக்கொண்டிருந்தேன். தொட்டிலுக்கு உண்டான ராகம், பெண்ணை அனுப்பும்போது ஏனோ அதுதான் கைக்கு வருகிறது. கார் தெருமுனை திரும்பியதும் முடிக்கலாம் என்று நாயனத்தை வாயிலிருந்து எடுத்தேன். அப்பா என் பின்னால், பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்து நின்றிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "நிப்பாட்டிடாதம்மா. நீ நிப்பாட்டுனா நான் அழுவுறது வெளிய கேட்டுடும்."

மொழி தெரியாதவர்

ரெட்டிபாளையத்தில் கோயில் திருவிழா. சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் வடக்கத்தி ஆள் ஒருவர், ஷிப்டு முடித்து, சட்டையெல்லாம் சாம்பல் நிறமாக வந்து நின்றார். நான் சிந்துபைரவியை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்க ஆரம்பித்துவிட்டார்.

வாசித்து முடித்ததும் போய், என்னப்பா என்று கேட்டேன். அவர் ஏதேதோ சொன்னார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் டீக்கடை போட்டிருந்தவருக்குக் கொஞ்சம் இந்தி வரும். அவர் நிதானமாகக் கேட்டு எனக்குச் சொன்னார்: "ஊருக்குப் போயி ரொம்ப நாளாச்சாம்மா. அவங்க ஊர்லயும் இதுக்கு இப்புடித்தான் அழுவாங்களாம்."

வாழ்த்துப்பா

இது நான் வாசித்ததல்ல, வாசிக்காமல் நின்று கேட்டது. பெரம்பலூரில் ஒரு வரவேற்பு. பெண்ணின் அப்பா தமிழாசிரியர், மனைவியை இழந்தவர். மகளுக்குத் தானே எழுதிய வாழ்த்தைப் படிக்கப்போவதாக மைக்கைப் பிடித்தார். பாதிக் கூட்டம் பந்திக்கு எழுந்துவிட்டது. அவர் படித்தார்:

பந்தலில் கூட்டம் பலபேர் இருந்தாலும்
இந்தமனம் தேடுவதுன் தாய்.

பெண் அப்படியே உடைந்துபோனாள். எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மேக்கப் போட வந்த பெண் பதறிக்கொண்டு மேடைக்கு ஓடினாள். ஆசிரியர் பயந்துபோய், "போதும்மா, நிறுத்திக்கிறேன்" என்று தாளை மடித்தார். மேக்கப் போட ஓடியவள், தன் கண்ணையே துடைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சொன்னாள்: "மூஞ்சிக்கு நான் திரும்பப் போட்டு விடுறேன். நீங்க படிங்க சார்."

வாசலைப் பார்த்தவர்

கோவிந்து எனக்குப் பல வருஷமாகத் தவில். அவர் வீட்டில்தான் சாதகம் செய்வோம். நான் ஆனந்தபைரவியைத் தொட்டால் போதும், அவர் மனைவி மல்லிகா அடுப்பை விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நிற்பாள். "இதுக்குக் கொழம்பு தீஞ்சாலும் பரவால்லக்கா" என்பாள். போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு நானும் அந்த ராகத்தைத் தொடவில்லை, அவரும் கேட்கவில்லை.

அரியலூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆனந்தபைரவி வாசிக்க வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார். "ஊதுற சீவாளி சரியில்லைங்க, இன்னொரு நாளைக்கு" என்று பொய் சொன்னேன். முகம் சுண்டிப்போய் எழுந்தார். கோவிந்து தவில் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே, "உக்காருங்கய்யா" என்றார். என்னிடம், "வாசிங்கக்கா. எத்தினி நாளைக்கு?" என்றார்.

வாசித்தேன். நடுவில் ஒரு இடத்தில் தவில் சட்டென்று அடங்கியது, பிறகு சேர்ந்துகொண்டது. கோவிந்துவின் கை அப்படித் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. முடிந்ததும் மெல்ல, "என்ன கோவிந்து, கை வலியா?" என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் இல்லக்கா. வந்து நிக்கிறாளான்னு வாசலப் பாத்துட்டேன்."

இதற்கு மங்கள வாத்தியம் என்று பேர் வைத்த புண்ணியவான், பாவம், எந்தப் பந்தலிலும் முழுசாக உட்கார்ந்து கேட்டிருக்கமாட்டார்.