மைக்கில் சொல்லாமல் விட்ட படிப்பு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவாக இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். மலரைத் தொகுக்கும் எங்கள் சின்னம்மா மகன் என்னிடம் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "நல்லத மட்டும் எழுதுங்கண்ணே. படிக்கிறவங்க மனசு நோகக் கூடாது லா," என்றார். நல்லதைத்தான் எழுதியிருக்கிறேன். மனசு நோகுமா நோகாதா என்பது படிப்பவர் பொறுப்பு.

அக்கா பிறந்தது ஜெரம் பக்கத்தில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் கடைசி வீட்டில். அப்பா லோரி ஓட்டினார். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவர் இறந்துவிட்டார். அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. அம்மா தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினார். அம்மாவின் அண்ணன், அதாவது எங்கள் மாமா, அதே தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராகவும் கோயில் செயலாளராகவும் இருந்தார். பள்ளிச் சீருடை, புத்தகம், தீபாவளித் துணி எல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். அதை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை. மறக்க முடிந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வருடம் நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். லயத்தில் அடிக்கடி குழாயில் தண்ணீர் வராமல் நின்றுவிடும். பிடித்து வைப்பதற்காக அம்மா, களைமருந்து வரும் நீலநிற பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை, தோங் என்போம் அதை, காலியானதும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் மலாய் நன்றாகப் படிப்பவர் அக்காதான். "இதுல என்னா எழுதியிருக்குன்னு பாரும்மா," என்றார் அம்மா. அக்கா அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். மூன்று முறை அலசவும் என்று முதல் வரி இருந்தது. அதைச் சொன்னார். கீழே சின்ன எழுத்தில், மண் ஒட்டிக் கிடந்த வரியை அவர் படிக்கவில்லை. அம்மா சவர்க்காரம் போட்டு மூன்று முறை அல்ல, ஐந்து முறை அலசினார். பிறகு அதில் தண்ணீர் பிடித்து, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் அம்மாவின் கைத்தோல் உரிந்தது. நகங்கள் கறுத்தன. தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் அந்தத் தோங்கைக் கொண்டுவரச் சொல்லி, மண்ணைத் துடைத்துவிட்டு இரண்டாவது வரியைப் படித்தார். அலசியபின் துளையிட்டு அழித்துவிட வேண்டும், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று இருந்தது. "யாரு ஒனக்கு இதைப் படிச்சுச் சொன்னது?" என்று அவர் கேட்டார். "யாரும் சொல்லல. நானாத்தான் கழுவி வெச்சேன்," என்றார் அம்மா. அக்கா பக்கத்தில்தான் நின்றார். அம்மாவின் வலது கையில் இரண்டு நகங்கள் இன்றுவரை நேராக முளைக்கவில்லை. மருந்தடித்த வேலையால் வந்ததா, அந்தத் தண்ணீரால் வந்ததா, யாருக்கும் தெரியாது. அக்கா மட்டும் தன்னால்தான் என்று முடிவு செய்துகொண்டார்.

ஆறாம் படிவம் முடித்ததும் அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழா அன்று அன்னதானத்துக்கு முன்னால், மேல்படிப்புக்குப் போகும் பிள்ளையைச் சாமிக்கு முன் நிறுத்தி மாலை போடுவார்கள். செயலாளர் மைக்கை எடுத்து, இன்னார் பிள்ளை இன்ன படிப்புக்குப் போகிறது என்று சொல்வார். அக்காவுக்கு மாமாதான் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண் அக்கா. அன்றிலிருந்து தோட்டம் முழுக்க அவர் பெயரே 'கெமிஸ்ட்ரிப் புள்ள' ஆகிவிட்டது.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அக்கா ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வீட்டுக்கு வந்தார். வேதியியல் மாணவர்கள் விரும்பினால் வேறு துறையிலிருந்து குறிப்பிட்ட சில பாடங்களையும் சேர்த்துப் படிக்கலாம். முடித்தால் அதுவும் பட்டத்தில் ஏறும். மைனர் என்பார்கள். அக்கா தேர்ந்தெடுத்தது மொழிபெயர்ப்பு. ஆய்வுக்கூட நேரமும் அந்த வகுப்புகளும் மோதுவதால் ஒரு செமெஸ்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் மாமாவை வீட்டுக்கு அழைத்தார். நான் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"கெமிஸ்ட்ரின்னு மைக்குல சொல்லியாச்சு. இப்போ வேற என்னமோன்னா சனங்க என்னா நெனைக்கும்?" என்றார் மாமா.

"கெமிஸ்ட்ரிய விடல மாமா. அதோட இன்னொண்ணு சேத்துப் படிக்கிறேன்."

"கெமிஸ்ட்ரிக்கும் மொழிக்கும் என்னா சம்பந்தம்?"

அக்கா அம்மாவின் கையைப் பார்த்தார். தோங் விஷயம் மாமாவுக்குத் தெரியாது. அம்மா அதை யாரிடமும் சொல்லியதில்லை.

"இதெல்லாம் வசதியான வீட்டுப் புள்ளைங்களுக்கு லா," என்றார் மாமா. "நமக்கு ஒண்ணு ஒழுங்கா வந்தாப் போதும். சீக்கிரம் முடிச்சு வேலைக்குப் போற வழியப் பாரு."

அம்மா தேநீர் கலக்க எழுந்து போனார். அக்கா பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பேச்சு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

அடுத்த வருடக் கடைசியில் அக்கா தொலைபேசியில் அழைத்து, "ஒரு பேப்பர் போயிருச்சும்மா. இன்னொரு செமெஸ்டர் இருக்கணும்," என்றார். அம்மா அழுதார். மாமா, "பரவால்ல, புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க," என்று எங்களுக்குத்தான் ஆறுதல் சொன்னார். எல்லோரும் பெருந்தன்மையாக மன்னித்தோம். அக்கா பட்டம் வாங்கினார். பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டினோம். அது அங்கேயே பதினைந்து வருடம் தொங்கியது.

அக்கா முதலில் ஓர் எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். பிறகு தோட்டங்களுக்கு மருந்துப் பாதுகாப்பைச் சொல்லித்தரும் வேலைக்குப் போனார். சுங்கை ஆயர் தாவார் வரை, சுங்கை பஞ்சாங் நெல்வயல்கள் வரை தன் சின்னக் காரில் போவார். நம் ஆட்களுக்குத் தமிழில் எழுதித் தருவார். 'தோலில் படுவதைத் தவிர்க்கவும்' என்று எழுத மாட்டார். 'கை நனைஞ்சா உடனே கழுவு, சாப்பாட்டு நேரம் வரைக்கும் இருக்காத' என்று எழுதுவார். வங்காளதேசத்துத் தொழிலாளர்களுக்கு, அவர்களில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் மலாயில் சொல்லி எழுத வைப்பார். பிறகு வேறொருவரைக் கூப்பிட்டு, அதைப் படித்துத் தனக்கு மலாயில் திரும்பச் சொல்லச் சொல்வார். எங்கே பொருள் மாறுகிறதோ அங்கே கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத வைப்பார். கடைசி வரி வரை கேட்காமல் காரை எடுக்க மாட்டார். இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று நாங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏதோ அவருக்கு இருக்கும் பொறுமை என்று நினைத்துக்கொண்டோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் டிப்ளோமாவைப் பாதியில் விட்டபோது அக்கா கடுமையாகத் திட்டினார். நான், "நீயே பெயிலாயி ஒரு செமெஸ்டர் கூட இருந்தவதானே," என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சரி, சாப்பிட வா," என்றார். மீன் குழம்பு ஊற்றினார். நான் சாப்பிட்டேன். அந்தச் சோறு எப்படி என் தொண்டையில் இறங்கியது என்று இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நோய் வந்தபோது அக்காவுக்கு முப்பத்தேழு வயது. மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான பெண்ணுக்கு மாத்திரைச் சீட்டைத் தமிழில் எழுதித் தந்தார். எழுதியதை அவரைத் திரும்பச் சொல்ல வைத்தார். பதினொரு மாதம் போராடி, முப்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு மறுவாரம் போய்விட்டார்.

இறுதிச் சடங்கில் மாமா மைக்கை எடுத்தார். "படிப்புல ஒரு தடவ சறுக்குனாலும் எந்திரிச்சு நின்ன புள்ள," என்று சொல்லி அழுதார். அன்போடுதான் சொன்னார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

இரண்டு மாதத்துக்கு முன், இந்த மலருக்காகச் சான்றிதழைப் படம் எடுக்க வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டார்கள். சுவரிலிருந்து சட்டத்தை இறக்கித் துடைத்தேன். பெரிய எழுத்தில் வேதியியல் என்று இருந்தது. அதன் கீழ் இரண்டாவது வரியில், சின்ன எழுத்தில், மொழிபெயர்ப்பைத் துணைத்துறையாகப் படித்துத் தேறியதாக எழுதியிருந்தது. நம்ப முடியாமல், சுங்கை ஆயர் தாவாரில் ஆசிரியையாக இருக்கும் அக்காவின் விடுதித் தோழியை அழைத்தேன்.

"பெயிலா? ஒங்க அக்காவா?" என்று அவர் கேட்டார். "ஒரு பேப்பர்ல கூட இல்ல தம்பி. கூடப் படிக்கத்தான் அந்த செமெஸ்டர் இருந்தா. வீட்டுல என்னா சொன்னேன்னு கேட்டேன். பெயிலுன்னு சொன்னா திட்டிட்டு விட்டுருவாங்க, கூடப் படிக்கிறேன்னு சொன்னா நிறுத்திருவாங்கன்னு சொன்னா."

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அரைநாள் எழுந்து நடந்தேன். நம் வீட்டில் ஒரு பெண் தோற்றால் மன்னிப்பு இருந்தது. கூடுதலாக ஒன்று படிப்பதற்கு அனுமதி இல்லை. அதனால் ஒருமுறைகூடத் தோற்காதவர் தோற்றவராகவே வாழ்ந்து, தோற்றவராகவே எரிக்கப்பட்டார். பதினைந்து வருடம் அந்தச் சான்றிதழுக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அம்மாவைத் தவிர எல்லோருக்கும் மலாய் படிக்கத் தெரியும். ஒருவரும் அடுத்த வரிக்குப் போகவில்லை. பதினைந்து வயதுப் பெண் ஒரு வரியைப் படிக்காமல் விட்டதற்கு ஆயுள் முழுக்க ஈடு செய்தார். நாம் என்ன செய்யப் போகிறோம்?

இந்தக் கட்டுரையை மாமாவிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. போன ஞாயிறு கொண்டுபோனேன். தோங் விஷயம் வந்த இடத்தில் இரண்டு முறை நிறுத்திப் படித்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத எதுக்கு இப்போ போடணும்?" என்றார். "போன புள்ள போயிருச்சு."

"பெயிலானவங்கற பேரு இன்னும் இங்கதான இருக்கு மாமா," என்றேன்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு தாள்களை என்னிடம் நீட்டினார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் பேத்திக்கு இந்த வருடம் கணினி படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பெண் கூடவே உளவியலும் எடுக்க விரும்புகிறாள் என்று என்னிடம்தான் சொன்னாள். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறதாம். அவளுக்கும் ஒரு பொய் தேவைப்படக் கூடாது.

இனி நன்றி. அக்காவின் பொய்யைக் கடைசிவரை காப்பாற்றிய தோழிக்கு நன்றி. கதவோரமாக உட்கார இடம் கொடுத்து, தாமதமாக வந்தாலும் வகுப்பில் சேர்த்துக்கொண்ட மொழிபெயர்ப்பு விரிவுரையாளருக்கு நன்றி. பதினொரு மாதம் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கு நன்றி. தொலைவிலிருந்து வந்து, பின்வரிசையில் நின்று அழுத வங்காளதேசத்துத் தோழர்களுக்கு நன்றி. சீருடை வாங்கித் தந்த மாமாவுக்கும் நன்றி, முழு மனதோடுதான் சொல்கிறேன்.

அடுத்த பக்கத்தில் சான்றிதழின் படம் இருக்கிறது. நினைவு நாள் பூசை முடிந்ததும் மைக் உங்கள் கைக்குத்தான் வரும், மாமா. உங்கள் பேத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அக்காவின் பட்டத்தைச் சத்தமாகப் படியுங்கள். முதல் வரியோடு நிறுத்திவிடாதீர்கள்.