சூப்போடு பரிமாறிய விமானப் பயணம்

1. லொறியில் வந்த விமானம்

விமானம் திகனைக்கு லொறியில் வந்தது. உடம்பு ஒரு லொறியில், இறக்கை இன்னொரு லொறியில், ப்ரொபெல்லர் இரண்டும் சாக்கில் சுற்றி. கண்டியிலிருந்து வழி நெடுக இரண்டு பேர் மூங்கில் கம்பால் மின்சார வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். இந்தப் பழைய விமானத்தை நீர்த்தேக்கம் தெரிகிற மேட்டில் ஏற்றி, உள்ளே மேசை போட்டு ரெஸ்டூரன்ட் ஆக்கியவர் எங்கள் சேர்மன். கொழும்புக்காரர். கண்டி ஹோட்டல்களில் வாழ்நாள் முழுக்க ட்ரே தூக்கிய நான் சுப்பர்வைசர் வேலைக்கு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

சேர்விஸ் பற்றி ஒரு கேள்வி இல்லை. சமையல் பற்றியும் இல்லை.

"ஹாஜியார், இந்த மாதிரி ப்ரொபெல்லர் ப்ளேன்ல போயிருக்கீங்களா?"

நான் ஹஜ்ஜுக்குப் போனவன் இல்லை. தாடியைப் பார்த்து அவராகவே எனக்குக் கொடுத்த பட்டம் அது.

"சின்ன வயசுல குடும்பத்தோட போயிருக்கேன் சேர். கொழும்புப் பக்கத்து இரத்மலானைல இருந்து திருச்சிக்கு."

"அப்போ நாளைக்கே வாங்க ஐசே!"

இப்படியும் வேலை கிடைக்கும் என்று இளம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிக் கிடைக்கிற வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. மாமா காப்பாற்றிய விமானம்

அந்தப் பயணத்தின் உண்மை இதுதான். கம்பளையில் வாப்பாவுக்குத் துணிக்கடை. நாகூருக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. உம்மா, வாப்பா, மாமா, நான் எல்லோரும் புறப்பட்டோம். அந்தக் காலத்தில் பெட்டியோடு ஆளையும் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். உம்மா ஒரே பிடிவாதம்.

"ஆம்பிளங்க பாத்துட்டு நிக்கிற நேரம் நான் தராசுல ஏறவா? ஏலா!"

கடைசியில் வாப்பா வேட்டியை விரித்துத் திரை பிடித்தார். பிறகு காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள், வாய்க்கு டொஃபி கொடுத்தார்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் பஞ்சும் பிரயோசனமில்லை, டொஃபியும் பிரயோசனமில்லை. நான் வாப்பாவின் புதுச் சட்டையில் வாந்தி எடுத்தேன்.

கடலுக்கு மேலே விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. மாமா சத்தமாகக் கலிமா ஓத ஆரம்பித்தார். சாகக் கிடக்கிறவர் காதில் ஓதுவது எங்கள் வழக்கம். அதைக் கேட்டதும் பின்சீட்டிலிருந்த முஸ்லிம் குடும்பம் விஷயம் முடிந்தது என்று நினைத்து அழத் தொடங்கியது. அவர்கள் அழுததைப் பார்த்து முன்னால் இருந்த ஐயர் முருகா முருகா என்றார். ஐயரைப் பார்த்து ஒரு கன்னியாஸ்திரி ஜெபமாலையை எடுத்தார். குலுங்கியது ஒரு நிமிடம் இருக்காது. அழுகை திருச்சி வரைக்கும் போனது!

ஊருக்கு வந்த மாமா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "நான் ஓதாட்டி ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க." வருடம் போகப்போக அந்த விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றது. பிறகு இரண்டும் நின்றது. மாமா கண்ணை மூடி மௌத்தாகும்போது விமானத்தை ஏறக்குறைய அவரே ஓட்டியிருந்தார்.

3. ஆளுக்கொரு ஞாபகம்

இதைக் கேட்டு சேர்மன் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பென்சில் எடுத்தார்.

"வாந்தி வேணாம். கலிமா வேணாம். தராசு சரியே இல்லை. ரொமான்டிக்கா ஒண்டு வேணும் ஹாஜியார். கஸ்டமருக்குச் சாப்பாடு முக்கியமில்லை ஐசே, ஃபீலிங்!"

அவரே ஒரு கதை எழுதினார். தாத்தா கல்யாணம் முடித்த கையோடு மணமகளை இதே விமானத்தில் கூட்டிக்கொண்டு போகிறார். மேகத்துக்கு மேலே அவள் முதன்முதலாக அவர் கையைப் பிடிக்கிறாள். சூப் வைக்கும்போது ஒவ்வொரு வெயிட்டரும் தன் குடும்ப ஞாபகம் என்று இதைச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. ஞாபகத்துக்கு ட்ரெய்னிங் கொடுத்த ஒரே சுப்பர்வைசர் இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

திகனை வெயிட்டர் பாரூக் ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். தலைமுறை தலைமுறையாகப் புடவை விற்ற வீட்டுப் பிள்ளை, எதையும் விற்பான். செல்வத்தால்தான் முடியவில்லை. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துக்காரன். மூன்று தட்டை ஒரு கையில் ஏந்தி ஆடாமல் நடப்பான், அவ்வளவு நல்ல கை. ஆனால் "எங்க தாத்தா ப்ளேன்ல" என்று தொடங்கினாலே பொத்துக்கொண்டு சிரிப்பான். என்னை 'நானா' என்பான், எங்கள் பேச்சில் அண்ணன்.

"வேணும்னு சிரிக்கல நானா. ப்ளேன்ல எங்க தாத்தா கொழுந்துக் கூடைய எங்க வச்சிருப்பாருன்னு நெனச்சா சிரிப்பு வந்துருது."

அவன் சிரிப்பு விளையாட்டு இல்லை. அவன் ப்ரொபேஷனில் இருந்தான். மனைவியையும் கைக்குழந்தையையும் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கூட்டி வந்து திகனையில் ஒரு அறை எடுத்திருந்தான். கன்ஃபர்ம் ஆகாவிட்டால் மறுபடி மாமனாரின் லயத்து அறைக்குத்தான். சேர்மன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "ஞாபகம் வராட்டி வேலையும் வராது."

4. ஒரு மணமகள், பல தாத்தா

சென்னையிலிருந்து பயண ஏஜென்ட்கள் விருந்துக்கு வந்தார்கள். சேர்மன் கோட் போட்டு வாசலில் நின்றார். அன்றைக்குச் செல்வம் சிரித்தால் முடிந்தான் என்று எனக்குத் தெரியும். கடைசி மேசையை அவனுக்குக் கொடுத்தேன்.

நாங்கள் யாருமே ஒன்றை யோசிக்கவில்லை. விமானம் என்பது ஒடுக்கமான இடம். ஒரு மேசையில் பேசினால் அடுத்த மேசைக்குக் கேட்கும்! முதல் மேசையில் பாரூக்கின் தாத்தா மணமகளோடு பறந்தார். இரண்டாவது மேசையில் இன்னொருவனின் தாத்தா அதே மணமகளோடு பறந்தார். மூன்றாவது மேசையில் அவள் மறுபடி கையைப் பிடித்தபோது விருந்தாளிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சேர்மன் முகம் பீட்ரூட்.

கடைசி மேசையில் ஒரு அம்மா செல்வத்தைப் பார்த்து, "என்னப்பா, உங்க தாத்தாவும் அந்தப் பொண்ணையே கூட்டிட்டுப் போனாரா?" என்று கேட்டார்.

செல்வம் சிரிக்கவில்லை.

"இல்லைங்க மேடம். எங்க ஆளுங்க நடந்து வந்தவங்க. எங்க பாட்டனோட அப்பா தோட்ட வேலைக்கு இந்தியாவுல இருந்து தோணியில மன்னாருக்கு வந்து, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தாரு. கூட வந்த சம்சாரம் வழியில காய்ச்சல்ல போயிட்டாங்க. பொதைக்கக்கூட நிக்க விடலயாம், கங்காணி வெரட்டுனானாம். எலதழையப் போட்டு மூடிட்டு, கைக்கொழந்தையத் தூக்கிட்டு மிச்சத்த நடந்தாரு. அந்தக் கொழந்ததான் எங்க பாட்டன். அந்தம்மா கெடக்குற எடம் எங்க வீட்ல யாருக்கும் தெரியாது." கரண்டியை வைத்தான். "சூப் ஆறுதுங்க, குடிங்க."

யாரும் கரண்டியை எடுக்கவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்தார். வேலை போனாலும் பரவாயில்லை, பையன் மானத்தோடு போகிறான் என்று நினைத்தேன்.

5. புதிய ஞாபகம்

மறுநாள் காலை மீட்டிங். சேர்மன் துள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன கதை ஐசே! நேத்தே மூணு க்ரூப் புக் பண்ணிட்டாங்க! இனி எல்லா மேசைக்கும் இதுதான். ப்ளேன்ல உக்காந்து நடந்த கதை! கொன்ட்ராஸ்ட்!"

எல்லோருக்கும் புதுப் பேப்பர் வந்தது. பார்க்கிங்கிலிருந்து விமானம் வரை ஒற்றையடிப் பாதை வெட்டி, விருந்தாளிகளை வெறுங்காலோடு நடத்திக் கூட்டிவரத் திட்டம். பாரூக் என் காதில் முணுமுணுத்தான்: "நானா, எங்கட ஊட்டுல ஒருத்தரும் கடைய விட்டு எறங்கினதே இல்ல!"

செல்வத்துக்கு மட்டும் கன்ஃபர்மேஷன் கடிதம் மேசையில் இருந்தது. நிபந்தனை ஒன்றுதான். ஒவ்வொரு மேசையிலும் அந்தக் கதை. குழந்தையைத் தூக்கும் இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும்.

செல்வம் கடிதத்தைத் தொடவில்லை. "பொய்யச் சொன்னா சிரிப்பு வருதுங்க சேர். இதச் சொன்னா அழுக வருது. தெனமும் மேசைக்கு மேசை நான் சூப் ஊத்துறதா, அழுவுறதா?"

"பழகிடும் ஐசே."

"பழகிடக் கூடாதுங்க சேர்" என்றான். பேட்ஜைக் கழற்றி வைத்தான். பின்னேரம் மனைவி, பிள்ளை, ஒரு கேஸ் அடுப்போடு ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறினான்.

நேரே சேர்மன் அறைக்குப் போனேன். "சேர், அந்த மாதிரிக் கை இந்த ஊர்ல கிடைக்காது. திருப்பிக் கூப்பிடுங்க."

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"போனா போகட்டும் ஹாஜியார். கதை நம்மகிட்டத்தானே இருக்கு."

அன்றிரவு பாரூக் கடைசி மேசையில் நின்று, காட்டில் காய்ச்சலில் செத்துப்போன தன் பூட்டியைப் பற்றிச் சொன்னான். குழந்தையைத் தூக்கும் இடத்தில் சரியாக நிறுத்தினான். மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அடுத்த மாதம் நான் ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

ஹோட்டல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் வீட்டார் பறந்தார்களா என்று முதலாளி கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள். நடந்தார்களா என்று கேட்டால், அதற்கும் இல்லை என்றே சொல்லுங்கள்.