அன்ரனின் இரண்டு சம்பளம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் தம்பி அன்ரன், எங்களை ஏற்றிப்போன ஓட்டோக்காரர் பளீல் நானா, ஹோட்டல் கட்டுகிற இடத்துச் சுப்பவைசர். ஐந்தாவது ஆள் இல்லை. பிறகு யாராவது விசாரித்தால் ஆளுக்கொரு கதை வரக்கூடாது என்றுதான் முதலிலேயே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், ஆட்கணக்கில் பிழை இல்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மதுரங்குளியில் பஸ் ஏறி, பாலாவிச் சந்தியில் இறங்கிக் கற்பிட்டி பஸ்ஸுக்கு நின்றோம். லொறிகள் கிளப்பிய புழுதி வாய்க்குள் கரகரத்தது. கற்பிட்டிக்கு நாற்பது கிலோமீற்றர் அளவு. ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். கைப்பையைத் திறந்து அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். மூடிவிட்டுத் திரும்பவும் பார்த்தேன்.

"அக்கா, அது என்ன முட்டையா, பார்த்துக்கொண்டிருந்தா பொரிச்சிருமா?" என்றான் அன்ரன்.

சிரிக்க முடியவில்லை. போகிற காரியம் அப்படி. அப்பா சிலாபத்துப் பக்கம், அதனால் நாங்கள் பெர்னாண்டோ. இந்தக் கரையில் அந்தப் பெயரை வைத்து ஆள் தமிழா சிங்களமா என்று சொல்ல முடியாது. அன்ரன் படித்ததும் சிங்களத்தில்தான். அவன் வேலைக்குப் போகிற அந்த ஹோட்டல் கட்டிடத்தில் சிங்கள ஆட்களுக்கு நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறும் மத்தியானம் சோற்றுப் பார்சலும். அதே கொங்கிறீற்றைக் குழைக்கிற தமிழ், முஸ்லிம் ஆட்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, சோறு வீட்டிலிருந்து. அன்ரனிடம் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முதல் மூன்று மாதமும் பார்சல் சோறு சாப்பிட்டான்.

வேலை நேரத்தில் போன் பையோடு கீழே கிடக்கும். அம்மாவை நெஞ்சுவலியோடு புத்தளம் ஆஸ்பத்திரியில் சேர்த்து மறித்த அன்றைக்கு மட்டும் சட்டைப்பைக்குள் வைத்திருந்தான். மேல்மாடியில் நிற்கும்போது அம்மா அவனுக்குப் போன் எடுத்தா. "ஓம் அம்மா. சாப்பிட்டன் அம்மா. நீங்க குளிசையைப் போடுங்க." இவ்வளவுதான் தமிழில் பேசினானாம். கீழே சுப்பவைசர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றிலிருந்து பதினெட்டு நாளுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் வெட்டு. சோற்றுப் பார்சலும் இல்லை. வெட்டிய பதினெட்டாயிரத்தைக் கேட்கத்தான் போகிறோம்.

நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு தெரிந்தது. சாலையோரம் வெங்காயப் பாத்திகளில் பெண்கள் குனிந்திருந்தார்கள். கேட்கப் போனால் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று யோசித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

கற்பிட்டி பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு ஓட்டோ ஐந்நூறு ரூபாய். காத்திருந்து திருப்பிக் கொண்டுவந்து விடவும் அதே ஐந்நூறுதான் என்று பளீல் நானா ஒத்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடிக்குள்ளால் அன்ரனைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க மூணு மாசமாவது தின்னுட்டீங்க. எங்கட மகளுக்கு இங்கிலீசு நல்லா வரும். ரிசப்சனுக்கு எடுக்கிறம், தலையில உள்ளதைக் கழட்டிட்டு வாங்கண்டு சொன்னானுகள். இப்ப வீட்டில இரிக்கிறா."

ஹோட்டல் கேட் வாசலில் சுப்பவைசர் நின்றார். ஓட்டோவிலிருந்து இறங்கி, "தம்பி, இவர்தானா?" என்றேன். அன்ரனின் முகம் மாறிவிட்டது. சிங்களத்தில், "அக்கே, போய் உள்ளே இருங்கோ" என்றான். என் வயதுக்கு அவன் என்னோடு சிங்களத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. வெட்டு விழுந்த பிறகும் அந்த இடத்துக்கு வந்தால் அவனுக்குத் தமிழ் வாயில் வரவில்லை. நான் உள்ளே இருக்கவில்லை, ஓட்டோவைப் பிடித்தபடி நின்றேன்.

சுப்பவைசர் சத்தம் போடவில்லை. அவர் வேகமாகப் பேசிய சிங்களம் எனக்கு முழுதாக விளங்காததால், பளீல் நானா அதைத் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு கூலியும் அவர் போட்டதில்லையாம், மேல இருந்து வந்ததாம். தமிழ் ஆளெண்டு முந்தியே தெரிஞ்சிருந்தா முந்தியே இரண்டாயிரத்து ஐந்நூறுதானாம். தம்பி மறைச்சு எடுத்த காசைத் திருப்பிக் கேட்காம விட்டிருக்கிறாராம். அதுக்கு நன்றி சொல்லணுமாம்."

"வேலையில ஏதும் குறை சொல்றாரா?"

"இல்ல தங்கச்சி. நல்ல வேலைக்காரன் எண்டுதான் சொல்றார். திங்கக்கிழமை வரச் சொல்றார், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு."

அன்ரன் சரியென்று தலையை ஆட்டினான். சுப்பவைசர் தன் பர்சிலிருந்து ஐயாயிரத்தை எடுத்து அவன் சட்டைப்பைக்குள் வைத்து, தோளில் தட்டினார். "அம்மாவுக்கு மருந்து வாங்கச் சொல்றார்" என்றார் நானா. கெட்ட மனிதர் என்று அவரைத் திட்டிவிட்டுப் போகக்கூட வழியில்லாமல் போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் அன்ரன் அந்த ஐயாயிரத்தை எடுத்து என் கைப்பைக்குள் வைத்தான். பிறகு, "திங்கக்கிழமை போகத்தான் வேணும் அக்கா. மற்ற இடத்திலயும் இதுதான் கூலி" என்றான். சோறு கட்டித் தரட்டுமா என்று கேட்டேன். ஓம் என்றான்.

மதுரங்குளியில் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறவள் நான். துணியை நீட்டுகிறவர் எந்தப் பாஷை பேசினாலும் அளவுநாடாவைத்தான் எடுப்பேன், கூலியும் ஒன்றுதான். அன்று பின்னேரம் மகளுக்குப் பள்ளிக்கூடக் கவுண் தைக்கக் கொடுக்க ஒரு சிங்களத் தாய் வந்தா. வழக்கமான கூலியைச் சொல்ல வாய் வரவில்லை, கூட்டிக் கேட்கவும் மனம் வரவில்லை. நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அம்மாவிடம் எல்லாக் காசும் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறோம். இன்னும் வரவேண்டியது பதின்மூவாயிரம் ரூபாய்.