வாப்பாவைப் பார்க்கப் பறந்தது

கொழும்புக்குத் தெற்கே ரத்மலானையில் விமான மைதானம் திறந்த புதிது. அங்கே எனக்குப் புல் வெட்டுகிற வேலை. விமானம் இறங்கினால் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ரங்கூன், பினாங்கு என்று சுற்றிவிட்டு அங்கே ஒதுங்கியிருந்தேன்.

ஒரு நாள் காலை ஊரிலிருந்து தந்தி வந்தது. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. சமையற்கட்டில் இருந்த குளச்சல்காரர்தான் படித்தார்; அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்பேன்.

“வாப்பாவுக்கு சீரியஸாம். உடனே புறப்படு மக்கா.”

எங்கள் ஊர் தேங்காப்பட்டணம். ரயில், கப்பல், மறுபடி ரயில், பிறகு பஸ். அதற்குள் வாப்பா தாங்குவாரா? எங்களில் மௌத்தானவரை அடக்காமல் வைத்துக் காத்திருக்க மாட்டார்கள். உயிர் இருக்கும்போதே முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு.

திருச்சிக்குப் போகும் தபால் விமானம் புறப்பட நின்றது. அதில் போகவேண்டிய துரை வரவில்லை. காக்கா ஓடிப்போய் விமானியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். அந்த பம்பாய்க்காரர் என்னைப் பார்த்தார், தந்தியைப் பார்த்தார், ஏறு என்று கைகாட்டினார். தபால் பைகளை நிறுக்கும் தராசில் என்னையும் ஏற்றி நிறுத்தார்கள்.

“ஏலே, சன்னல்ல எட்டிப் பாத்து விழுந்திராத,” என்ற காக்கா, சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டார். நான் பறப்பதைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தேன். இரைச்சலில் என் இருமலே எனக்குக் கேட்கவில்லை. கீழே கடலில் அலையே தெரியவில்லை. காயப்போட்ட சாக்கு மாதிரி கிடந்தது. வாப்பா வாழ்நாளெல்லாம் அதில் வலை போட்டவர். இதைச் சொன்னால் நம்பமாட்டார், “போலே, புளுகாத” என்பார். எப்படிச் சொன்னால் நம்புவார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். காலையில் குடித்த கஞ்சி செரிப்பதற்குள் திருச்சி வந்துவிட்டது.

அங்கிருந்து திருநெல்வேலிக்கு ரயில், நாகர்கோவிலுக்கு பஸ், பிறகு இன்னொரு பஸ். கடலைத் தாண்டியதைவிட இதற்குத்தான் நேரமாயிற்று; ஒரு ராத்திரியும் மறு பகலும் போயிற்று. எங்கள் ஊர்ப் பக்கத்துப் புதுக்கடையில் இறங்கியதும் தெரிந்த சாயாக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்பந்தான் வாறியா மக்கா? உனக்க வாப்பாவ அடக்கி, மூணாம் நாள் பாத்திஹாவும் ஓதியாச்சே.”

வீட்டில் உம்மா வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தாள். அடக்கிவிட்டு வந்த பிறகுதான் தந்தியே அடித்தார்களாம். அப்புறம் ஏன் சீரியஸ் என்று அடித்தீர்கள் என்று கத்தினேன்.

“மௌத்துன்னு அடிச்சா, கப்பல்ல ஒத்தைக்கு நீ என்னத்தச் செய்வே? மெதுவா வந்து சேரட்டும்னுதான். நீ பறந்து வருவேன்னு நாங்க கண்டோமா?” என்றாள் உம்மா.

எங்கள் பக்கத்தில் மௌத்தானாலும் சீரியஸ் என்றுதான் அடிப்பார்களாம். சிறு வயதிலேயே ஊரை விட்ட எனக்கு அது தெரியவில்லை. காக்காவுக்கு அன்று அழும்போதே தெரிந்திருக்கிறது.

மறுநாள் பள்ளிவாசல் பின்னால் போய் அந்த ஈர மண்ணருகில் நின்றேன். கடலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஊரே வாப்பாவை அடக்கிவிட்டுத் திரும்பிய பிறகும் நான் புதுக்கடையில் இறங்கும்வரை அவர் எனக்கு மட்டும் உயிரோடு இருந்தார். அந்தப் பொழுதை எனக்குக் கொடுத்தவர்கள் மேல் கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.