பாசியைத் தேய்த்தவன்

அரிசி கழுவிய தண்ணீரைத் தகர வாளியில் நான் சுமந்து போவேன். மேஸ்திரி வாங்கி, நிறுத்திய கல்லின் தலையில் மெல்ல ஊற்றுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூன் ஏரிக்கரையில் நடந்தது இது. அரிசி ஆலை முதலாளி ஒருவருக்கு ஜப்பான் தோட்டம் வேண்டுமாம். அதற்கென்றே ஒரு ஜப்பானியரை வரவழைத்திருந்தார். கியாக்தான் என்ற ஊரிலிருந்து படகில் வந்த கற்களை எட்டுப் பேர் தோளில் தூக்கி வந்தோம். ஒரு கல்லை நிறுத்த அந்த ஜப்பானியருக்கு அரை நாள் வேண்டும். இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை. எங்களுக்குத் தோள் எரியும்.

மேஸ்திரி ஏழு வருஷமாகக் கூலி லைனில், ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர் படுக்கும் இடத்தில் கிடந்தவர். தோட்டம் முடிந்ததும் அவரையே காவலாக வைத்து, வேலிக்குள் இருந்த ஓட்டு வீட்டையும் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதை நம்பி ஊரிலிருந்த மனைவிக்குக் கடிதம் போட்டுவிட்டார். "அவ வந்தா சாத்திக்க ஒரு கதவு இருக்கணும்டா" என்பார்.

தண்ணீர் எதற்கு என்று கேட்டால், "சொன்னதச் செய்யி" என்பார். சொல்லித் தொலைத்திருக்கலாம். நிற்கவைத்த கல், அதன் தலையில் தினமும் தண்ணீர். ஜப்பான்காரன் தன் சாமிக்கு அபிஷேகம் செய்யச் சொல்லியிருக்கிறான் என்றே நினைத்தேன்.

முதலாளி விருந்தினரோடு வரவிருந்த நாளிலேயே கப்பலும் வந்தது. மேஸ்திரி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, "தோட்டத்தப் பாத்துக்க, ஒன் மதினியக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று துறைமுகத்துக்குப் போனார். கற்களைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று பாசி. அபிஷேகம் செய்த சாமியை யாராவது இப்படி விடுவார்களா? தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்துப் பதினொரு கல்லையும் பாத்திரம் துலக்குவதுபோல் துலக்கிவிட்டேன். மேஸ்திரி மெச்சுவார் என்று காத்திருந்தேன். இருபத்தைந்து வயது மடையன்.

ஜப்பானியர் வந்து ஒரு கல்லைத் தொட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாசி வளரத்தான் மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் ஊற்றினோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "எவன்டா செஞ்சது?" என்று கத்தினார் விருந்தினரோடு வந்து நின்ற முதலாளி. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி தலையில் தகரப் பெட்டியும் பின்னால் மனைவியுமாக உள்ளே வந்தார். கற்களைப் பார்த்தார். என் கையிலிருந்த சாம்பலைப் பார்த்தார்.

"நாந்தானுங்க தேய்க்கச் சொன்னேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். முதலாளி வாசலைக் காட்ட, பெட்டியை இறக்காமலே மேஸ்திரி திரும்பி நடந்தார். எதற்கென்று தெரியாமல் அந்த அம்மாளும் பின்னால் போனார். அந்த மனிதர் என்னை ஓர் அறை அறைந்திருந்தால் இன்று இவ்வளவு கசக்காது.

பாசியை மறுபடி வளர்க்க ஆள் தேவைப்பட்டது. எந்தக் கல்லுக்கு எத்தனை வாளி என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதலாளி வேலையையும் வீட்டையும் எனக்கே கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, மனைவியைக் கப்பலேற்றி அந்த வீட்டுக்குத்தான் அழைத்து வந்தேன். அதில் யார் குடியேற இருந்தார்கள் என்பதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.